துப்பாக்கிக்கு வாய் கழுவிய அக்கா

துப்பாக்கி வைத்திருக்கிறவர் என்றால் முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாக ஓர் ஆளை மனசில் வைத்துக்கொள்கிறோம். எங்கள் பக்கத்துக் கொல்லை அக்காவுக்கு அது இரண்டும் கிடையாது. குள்ளமான உருவம், வெற்றிலைக் காவி ஏறிய பல், நெற்றி நிறைய விபூதி. துப்பாக்கியைப் பழைய நூல் புடவையில் சுற்றி, கடப்பாரையைத் தூக்குகிற மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பு மேல் வருவார். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஒரு தடவை கண்டக்டர், “இன்னாம்மா கரும்பா? லக்கேஜ் போடணும்” என்று கேட்டார்.

“கரும்புதான் கண்ணு. கடிச்சிப் பாக்காதே, திருப்பிக் கடிக்கும்” என்றார் அக்கா, முகத்தை மாற்றாமல்.

அவர் பெயரை எழுத வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். எழுதினாலும் எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் எல்லாருக்கும் அவர் துப்பாக்கிக்கார அக்காதான்.

கொல்லை என்று நாங்கள் சொல்கிறது பயிர் வைக்கிற மேட்டு நிலத்தை. எங்கள் கொல்லையும் அவருடைய கொல்லையும் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அங்கே நின்றால் கரியாலூருக்கு ஏறுகிற மலை ரோடு தெரியும், பஸ் வளைவதும் தெரியும். மலை அவ்வளவு பக்கம் என்றால் காட்டுப்பன்றியும் அவ்வளவு பக்கம்தானே. மரவள்ளி போட்டாலும் மக்காச்சோளம் போட்டாலும் நாம் ருசி பார்ப்பதற்கு முன்னால் அவை பார்த்துவிடும். அதனால்தான் அக்காவின் வீட்டுக்காரருக்குப் பயிர்க் காவலுக்கென்று சர்க்கார் லைசென்ஸ் கொடுத்திருந்தது. அவர் காய்ச்சலில் போனபிறகு அக்கா தாலுகா ஆபீசுக்குப் போய், அதைத் தன் பேருக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்டார். “பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?” என்று அங்கே ஒருவர் சிரித்தாராம்.

“பன்னிக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க. சத்தம்தான் தெரியும்” என்றாராம் அக்கா. பல நடை நடந்தபிறகு மாற்றிக் கொடுத்தார்கள்.

அது தோட்டா போட்டு மடக்குகிற புது மாதிரி இல்லை. குழலின் வாயிலேயே கருமருந்தைக் கொட்டி, மேலே தேங்காய் நாரை அடைத்து, நீளக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். குழலின் அடிப்பக்கம் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதன் நடுவே ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. குமிழின் தலையில் ‘கேப்பு’ என்கிற சின்ன வெடி மூடியை மாட்டி, குதிரை என்று சொல்கிறோமே அந்தச் சுத்தியலை இழுத்து விட்டால், கேப்பில் பிறந்த நெருப்பு துளை வழியாக இறங்கி மருந்தைப் பிடிக்கும். குண்டோ ரவையோ அக்கா போட்டு நான் பார்த்ததே இல்லை. வெறும் மருந்தும் நாரும்தான். அந்தச் சத்தத்துக்கே மலை ஒருமுறை திருப்பிச் சொல்லும்.

“ஏங்க்கா, ரெண்டு ரவை போட்டா ஒரு பன்னி கம்மியாவும் இல்ல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கம்மியாவும். அதுக்குப் பின்னாடி வர்ற குட்டிங்களுக்கு நீ பதில் சொல்றியா? அதட்டுனா போயிடுது தம்பி. அதட்டியும் போவாதது மனுசன்தான்.”

சுடுகிறது இவ்வளவுதான். கண் இமைக்கிற நேரம். அதற்குப் பிறகு செய்கிறதுதான் அக்காவின் வேலை.

சுட்ட துப்பாக்கியை அப்படியே சாத்தி வைத்துவிட்டு அவர் ஒரு வாய் சோறு உண்டதில்லை. கொல்லைக் குடிசைக்கு முன்னால் மூன்று கல் அடுப்பு. அதில் வெந்நீர் கொதிக்கும். இறுக்கிப் பிடித்திருக்கிற பூணைக் கழற்றி, குழலை மரக்கட்டையிலிருந்து பிரித்து எடுப்பார். குழலின் அடிப்பக்கத்தை வாளி வெந்நீரில் அமுக்கி, கம்பியின் நுனியில் துணி சுற்றி மேலும் கீழும் இடிப்பார். இழுக்கும்போது துளை வழியாகத் தண்ணீர் ஏறும். அழுத்தும்போது கருப்பாகப் பீய்ச்சும். ஊசிப்போன முட்டை மாதிரி ஒரு நாற்றம் வரப்பு தாண்டி எங்கள் குடிசைக்கு வரும். தண்ணீரைக் கொட்டுவார், வேறு ஊற்றுவார், மறுபடியும் இடிப்பார். கடைசித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார். கைரேகை தெரிந்தால்தான் விடுவார்.

“பச்சத் தண்ணியில அலசிட்டுப் போனா ஆவாதா? எதுக்கு இவ்ளோ வெறவு?” என்பாள் என் மனைவி.

“வெந்நீர்ல கழுவுனா இரும்பு சூடாயி தானா காஞ்சிக்கும் பாப்பா. பச்சத் தண்ணி உள்ள தங்கிக்கினு துருவ கெளப்பிடும்.”

“காலையில கழுவுனா இன்னா? சோறு ஆறுதே.”

“நீ வாய் கழுவாம படுத்துக்குவியா? அதுக்கும் வாய்தான். அதும் ஒரே வாயி. உண்றதும் அதுலதான், துப்புறதும் அதுலதான்.”

குழல் காய்ந்தபிறகு எண்ணெய்த் துணியை உள்ளே ஓட்டுவார். அந்த எண்ணெயால்தான் எனக்கும் அவருக்கும் முதல் பழக்கம். எங்கள் மாரியம்மன் கோயில் விளக்குக்கு வருஷா வருஷம் இலுப்பைக் கொட்டை பொறுக்கி ஆட்டிக் கொடுப்பது எங்கள் குடும்பத்து வேண்டுதல். அக்கா ஒரு நாள், குழந்தைக்குப் பால் புகட்டுகிற சின்ன மூக்குக் கிண்ணமான பாலாடையோடு வந்து நின்றார்.

“தம்பி, கட எண்ணெய் பிசுக்கு கட்டுது. இலுப்ப எண்ணெய் நல்லா நிக்கும்னு அவுரு சொல்லுவாரு. கொஞ்சம் ஊத்து.”

எனக்குத் திக்கென்றது. “அக்கா, இது சாமிக்கு ஆட்டினது. துப்பாக்கிக்கு எப்படி…”

“சாமிக்கு வெளிச்சத்துக்கு ஊத்துற. நான் வெள்ளாமைய காக்க கேக்கறேன். வெள்ளாம இருந்தாத்தான நீ சாமிக்குப் பொங்கல் வெப்ப?”

அன்றைக்குப் பாலாடை காலியாகத்தான் திரும்பியது. கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டு, அடுத்த வருஷம் ஒரு படி கொட்டையைக் கூடப் பொறுக்குகிறேன் தாயே, அது அக்காவுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படியே செய்தேன். அதற்கப்புறம் பாலாடை எங்கள் வீட்டிலிருந்து ஒரு நாளும் காலியாகத் திரும்பியதில்லை. எங்களிடம் வாங்கிப் போகிற சொம்பும் கிண்ணமும் புளி போட்டுத் தேய்த்து, உள்ளே ஒரு பிடி அவரையோ நாலு எலுமிச்சையோ போட்டு அன்றைக்கே திரும்பி வரும்.

ஒருமுறை புதிதாக வந்த ஃபாரஸ்ட் கார்டு ஒருவர், முந்தின நாள் மாலை வேட்டுச் சத்தம் கேட்டு விடிந்ததும் வந்துவிட்டார். “யாரு சுட்டது?” என்று அதட்டினார்.

“நாந்தாங்க” என்று அக்கா லைசென்ஸையும் துப்பாக்கியையும் எடுத்து முன்னால் வைத்தார்.

கார்டு குழலின் வாயில் சுண்டு விரலை விட்டுச் சுழற்றி எடுத்தார். விரலில் எண்ணெய் மட்டும் மினுங்கியது. முகர்ந்து பார்த்தார். “இது சுட்ட துப்பாக்கி இல்லம்மா. சுட்டிருந்தா கரி இருக்கும். உண்மைய சொல்லு, கள்ளத் துப்பாக்கி எங்க வெச்சிருக்க?”

“இதுலதாங்க சுட்டேன்.”

“கரி எங்க?”

“நேத்து நீங்க துண்ண சோறு இன்னிக்கு வாயில இருக்குதுங்களா? கொப்புளிக்கல நீங்க?”

நாங்கள் சிரிப்பை அடக்க மூச்சைப் பிடித்தோம். அவர் விடவில்லை. வைக்கோல் போரைக் குத்திப் பார்த்தார், கோழிக் கூண்டைத் திறந்து பார்த்தார். கடைசியில் அக்கா அவர் முன்னாலேயே மருந்து போட்டு ஒரு வேட்டு போட்டுக் காட்டினார். உடனே அடுப்பு மூட்டினார். கார்டு நீர்மோர் குடித்துக்கொண்டே கழுவுவது முழுவதையும் உட்கார்ந்து பார்த்தார். திரும்ப விரலை விட்டார். அதே எண்ணெய். “அடுத்தவாட்டி கொஞ்சம் கரி வுட்டு வைம்மா, எனக்கு சாட்சியா இருக்கும்” என்றார்.

“அது மட்டும் முடியாதுங்க” என்றார் அக்கா.

எங்கள் சண்டைகளையும் அவர் இப்படித்தான் அன்றன்றைக்கே கழுவி முடித்தார். எங்கள் மாடு அவர் கேழ்வரகில் இறங்கிவிட்ட ஒரு நாள், மலைக்குக் கேட்கிற மாதிரி திட்டினார். என் மனைவியும் சும்மா இருக்கிறவள் இல்லை. நண்பகல் வரைக்கும் வரப்புக்கு இரண்டு பக்கமும் பொரிந்து தள்ளினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அக்கா வந்தார், மடியில் கத்தரிக்காயோடு. “இந்தா பாப்பா. காலையில நான் சொன்னது நெசந்தான், நீ சொன்னதும் நெசந்தான். நாளைக்கு வெச்சிக்கினா ஊறிப்போயிடும். காரக் கொழம்பு வெய்யி.” என் மனைவி முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வாங்கினாள். ஆனால் குழம்பில் பாதி அக்காவுக்குப் போனது.

இப்போது அந்தத் தேர்தல் கதைக்கு வருகிறேன்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்தபிறகுதான் திரும்பக் கிடைக்கும். அந்த வருஷம் ஊராட்சித் தேர்தல் புரட்டாசியில் வந்து விழுந்தது. நானும் அக்காவும் வரப்புக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளம் போட்டிருந்தோம். எனக்கு அதை விட்டால் வேறு வெள்ளாமை இல்லை. வருஷச் சோறு முழுக்க அதில்தான் நின்றது.

ஒப்படைக்கிற அன்று அக்கா துப்பாக்கிக்கு உள்ளும் புறமும் எண்ணெய் போட்டு, வாயில் எண்ணெய்த் துணியை உருட்டி அடைத்தார். குமிழுக்கும் ஒரு துணிக் குல்லாய். துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். ஸ்டேஷனில் வயசான ஏட்டு ஒருவர், என்னைப் பார்த்து, “கையெழுத்து போடுப்பா” என்றார்.

“அவுரு பக்கத்துக் கொல்லைங்க. துப்பாக்கி என்னுது” என்றார் அக்கா.

“ஆம்பள யாரும் வரலியா?”

“லைசென்ஸ்ல இருக்கற ஆம்பள நாந்தாங்க.”

ஏட்டு சிரித்துவிட்டார். நல்ல மனுஷர். கழுத்தில் உருத்திராட்சம், நெற்றியில் பட்டை. பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. வருகிறபோது அக்கா வாசலில் நின்று, “ஐயா, அதும் வாய்த் துணிய மட்டும் எடுக்காதீங்க. மழ காத்து ஏறிடும்” என்றார். “ஒம் புள்ளைய பாத்துக்கற மாதிரி பாத்துக்கறேன், போம்மா” என்றார் ஏட்டு.

பிறகு நாங்கள் தகரம் தட்டினோம், தீ மூட்டினோம், பட்டாசு கொளுத்தினோம். பன்றிகளுக்கு ஒரு வாரத்தில் எல்லாம் பழகிவிட்டது. ஓரத்தில் சோளத்தட்டை வரிசை வரிசையாகச் சாய்ந்தது. ஆயுத பூசை வந்தது. அக்கா வீட்டுக்குச் சுண்டல் கொடுக்கப் போனேன். துப்பாக்கி சாத்துகிற மூலை காலியாக இருந்தது. அதைக் கழுவுகிற வாளிக்கும், எண்ணெய்ப் பாலாடைக்கும் சந்தனப் பொட்டு வைத்து, வாளிக்குள் ஒரு சாமந்திப் பூவையும் போட்டிருந்தார்.

“புள்ள ஊருக்குப் போனா அதும் தட்டுக்குத்தான் சோறு வெக்கணும்” என்றார்.

ஓட்டு எண்ணிய மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனோம். முந்தின நாள் பன்றிகள் ஓரத்தைத் தாண்டி நடுக்கொல்லைக்கு வந்துவிட்டன. கதிர் பால் பிடித்திருந்தது. இன்றைக்குப் பொழுது சாய்கிறபோது மறுபடியும் இறங்கும் என்று தெரியும்.

ஏட்டு எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “வாம்மா, வந்து பாரு” என்று உள்ளே கூட்டிப்போனார். சுவரோரம் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், காய்ந்துபோன சாமந்தி. எனக்கு அப்படியே கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

“ஆயுத பூசைக்கு ஒண்ணையும் வுடல. அவங்கவங்க ஊட்ல இருந்தா பூச நடந்திருக்கும் இல்ல? என் பொறுப்புல இருக்கறப்போ எப்படி பட்டினி போடறது?”

“வாய்த் துணிங்க?” என்றார் அக்கா மெதுவாக.

“அத எடுத்துட்டேன். வாய அடச்சி வெச்சா சாமி எப்படிம்மா ஏத்துக்கும்? தீர்த்தம் தெளிச்சி, உள்ளயும் நாலு சொட்டு வுட்டு, சந்தனம் வெச்சேன்.”

அக்காவின் துப்பாக்கிக்கு அவர் தனியாகவே கவனம் எடுத்திருந்தார். வாயைச் சுற்றிச் சந்தனக் காப்பு. குமிழின் மேல், சரியாகத் துளையின் மேல், அழகான வட்டப் பொட்டு. அதற்கு நடுவில் குங்குமம். வாரக் கணக்கில் காய்ந்து கல்லாகியிருந்தது.

இப்போது அக்கா வெடிக்கப் போகிறார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அக்கா துப்பாக்கியைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். கட்டையிலிருந்த விபூதியைத் தொட்டுத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். “நல்ல மனசுங்க ஐயா ஒங்களுக்கு” என்று கும்பிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபிறகுதான் குழலின் வாயை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார். அப்படியே சிமென்ட் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். “துரு தம்பி. புள்ளைக்கு வாய்ப்புண்ணு வந்தாப்ல ஆயிடுச்சி.”

கொல்லைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. என் மனைவி வெந்நீரைத் தயாராக வைத்திருந்தாள். அக்கா குழலைப் பிரித்து வாளிப் பக்கம் கொண்டுபோனார். எனக்கு மனசு கேட்கவில்லை.

“அக்கா, ஒரு நிமிஷம். அது சாமி பிரசாதம். கழுவுற தண்ணி காலு படற எடத்துல போவக்கூடாது.”

“டேய் தம்பி, பன்னி வர்ற நேரம்.”

“வரட்டும். அதுக்காக சந்தனத்த மிதிக்க முடியுமா?”

இன்னொருவராக இருந்தால் என்னைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். “சரி, எங்க ஊத்தலாம்? நீயே சொல்லு.” குடிசைக்குப் பின்னால் நான் பூசைக்கு வைத்திருந்த செம்பருத்தியைக் காட்டினேன். முதல் தண்ணீரில் சந்தனமும் குங்குமமும் துருவும் சேர்ந்து செங்காவியாக வந்தது. நான்தான் வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு போய்ச் செம்பருத்தி அடியில் ஊற்றினேன். அக்கா இடித்தார். நான் ஓடினேன். என் மனைவி அடுப்பை ஊதினாள்.

ஆனால் துளை வழியாகத் தண்ணீர் வரவில்லை. சந்தனம் உள்ளே போய் அடைத்துக்கொண்டிருந்தது. குமிழைத் திருகிக் கழற்றலாம் என்று அதற்கான சின்னச் சாவியைப் போட்டால் துருவில் அசையவில்லை. அக்கா அதன் மேல் இலுப்பை எண்ணெயை விட்டார், கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார், மறுபடியும் எண்ணெய். என் மனைவி கொசுவத்திலிருந்த ஊக்கைப் பிடுங்கிக் கொடுத்தாள். அதன் நுனியால் துளையைக் கீறிக் கீறி எடுத்தார். சந்தனம் பொடிப் பொடியாக வந்தது. மணத்தது.

மேற்கே மலை இருண்டுகொண்டு வந்தது. என் கொல்லைக் கோடியில் சடக்கென்று தட்டை ஒடிகிற சத்தம். பிறகு இன்னொன்று. உறுமல்.

“அக்கா, வந்துடுச்சி! ரெண்டு வரிச போயிடுச்சி! கழுவுனது போதும், மருந்து போடு!” என்றேன்.

அக்கா ஊக்கை விடவில்லை. “இரு.”

“இன்னாக்கா இரு? என் சோறு அங்க ஒடியுது!”

“தெரியுது தம்பி. அடச்ச வாயில மருந்து போட்டா அது எந்தப் பக்கம் பேசும்னு யாருக்குத் தெரியும்? ஒன் சோறு போனா என் சோத்துல பாதி. ஒன் கண்ணு போனா நான் எங்கேருந்து குடுப்பேன்?”

தட்டைகள் ஒடிகிற சத்தம் ஒவ்வொன்றும் என் நெஞ்சில் ஒடிகிற மாதிரி இருந்தது. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே அடுத்த வாளியைத் தூக்கினேன்.

குமிழ் முனகிக்கொண்டு திரும்பியது. கழற்றி, கழுவி, ஊதினார். காற்று போயிற்று. திரும்ப முடுக்கினார். கடைசித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, அடுப்பு வெளிச்சத்தில் பார்த்தார். ரேகை தெரிந்தது போல. குழலுக்குள் உலர்ந்த துணியை ஓட்டி, குழலைக் கட்டையில் பூட்டினார். அப்போதும் மருந்து போடவில்லை. அடுப்புச் சாம்பலில் ஒரு பிடி எடுத்துத் தரையில் குவித்து, குழலின் வாயை அதற்கு நேராகப் பிடித்து, வெறும் கேப்பை மாட்டிக் குதிரையை விட்டார். டப்பென்றது. சாம்பல் அசையவில்லை.

“இன்னும் எங்கியோ ஈரம் நிக்குது” என்றார். இன்னொரு கேப்பு. டப். சாம்பல் புஸ்ஸென்று பறந்து என் மனைவியின் முகத்தில் அடித்தது.

“வாய் தொறந்துடுச்சி பாப்பா!” என்றார் அக்கா. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

மருந்து, நார், கம்பி. கை தன் பாட்டுக்கு ஓடியது. வரப்பு மேல் ஏறி, வானத்தைப் பார்க்கப் பிடித்துக் குதிரையை விட்டார். வேட்டு கிளம்பியது. மலை வாங்கித் திருப்பிச் சொன்னது. கொல்லை முழுவதும் திமுதிமுவென்று ஓட்டம், பள்ளத்தைத் தாண்டுகிற சத்தம், பிறகு தூரத்தில் புதர் முறிகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. வெள்ளைப் புகை எங்கள் மேல் தவழ்ந்து வந்தது. அதில் எனக்குச் சந்தன வாசனை வந்ததாகத் தோன்றியது. என் மனைவி புகையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

விடிந்து பார்த்ததில் என் பக்கத்தில் ஓரத்து வரிசைகள்தான் அதிகம் போயிருந்தன. நடுக்கொல்லை பெரும்பாலும் நின்றது. அக்கா சொன்ன சொல்லை மறக்கவில்லை; அறுப்பின்போது பாழான இடத்துக்கு ஈடாகத் தன் கதிரை அளக்க வந்தார். நாங்கள் வாங்கவில்லை. அதற்கும் ஒரு சண்டை நடந்து, பொழுதோடு முடிந்தது.

ஆனால் வேட்டு போட்ட அன்றைக்கு ராத்திரி நடந்ததையும் சொல்ல வேண்டும். வேட்டுச் சத்தம் அடங்கியதும் நாங்கள் உட்கார்ந்தோம். என் மனைவி மூன்று தட்டு எடுத்து வைத்தாள். அக்கா எழுந்து அடுப்பில் திரும்பவும் அண்டாவை ஏற்றினார்.

“மறுபடியுமா?” என்றேன்.

“சுட்டுட்டனே” என்றார்.

அடுத்த தேர்தல் சித்திரையை ஒட்டி வந்தது. நானும் துணைக்குப் போனேன். அதே ஸ்டேஷன், அதே ஏட்டு. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாம்மா. வருஷப் பொறப்பு வருது. இந்தவாட்டி பூசய இன்னும் ஜோரா போட்டுடலாம்.”

அக்கா புடவையைப் பிரித்தார். கட்டையில் மட்டும் விபூதிப் பட்டையும் பொட்டும் அவரே வைத்திருந்தார். குழலின் வாயிலும் குமிழிலும் எண்ணெய்த் துணியை அடைத்து, அதற்கு மேல் புது மஞ்சள் துணி சுற்றி, மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டியிருந்தார்.

“இது இன்னாம்மா, காப்பு?” என்றார் ஏட்டு.

“வெரதம் இருக்குதுங்க ஐயா. எலக்சன் முடியற வரிக்கும் வாயில எதுவும் படக்கூடாது. தண்ணி கூட.”

ஏட்டு துப்பாக்கியை உற்றுப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையாலும் துப்பாக்கியை வாங்கி, மற்றவற்றோடு சேர்க்காமல் சாமி படத்துக்குக் கீழே தனியாக நிறுத்தினார். “சுத்தமா வெச்சிருக்கேன். என்னைத் தவிர யாரும் தொட மாட்டாங்க” என்றார். வெளியே வந்தபிறகு, “ஏங்க்கா, பொய்தானே?” என்று கேட்டேன். “எதுடா பொய்யி? ரெண்டு மாசம் ஒண்ணும் உண்ணாம நிக்கப் போவுது. அதுக்குப் பேரு வேற இன்னா?” என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் ஏட்டு. தேர்தல் முடிந்து திரும்ப வாங்கியபோது மஞ்சள் கயிறு முடிச்சுக்கூட நெகிழாமல் இருந்தது. கொல்லைக்கு வந்து அக்கா காப்பை அவிழ்த்தார், துணியை உருவினார். நான் சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன். இலுப்பை எண்ணெய், வேறொன்றும் இல்லை. துளி துரு இல்லை. எனக்கு மனசு குளிர்ந்தது.

திரும்பிப் பார்த்தால் அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அண்டா ஏறியிருந்தது.

“சுடவே இல்லியே அக்கா! எதுக்கு வெந்நீரு?”

அக்கா விறகைத் தள்ளிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார், இத்தனை வருஷம் பழகியும் இது தெரியவில்லையா என்கிற மாதிரி.

“ரெண்டு மாசம் வெரதம் இருந்த புள்ள. வாய் கொப்புளிக்க வெக்காம சோறு போடுவியா நீ?”